முறுக்கா, இறுக்கா, முடுக்கா?

பொருள்: டார்க் ரெஞ்ச் – தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

பழைய மாருதி 800 ஒன்றின் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அடிப்பாகமான பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுப்பது) வீட்டு வாசலிலேயே நானே மாற்றி முடித்தேன். ஆயில் மூடியைத் திறந்தால் மோர் நிறத்தில் நுரை, ரேடியேட்டரில் குமிழி, சைலன்சரில் வெள்ளைப் புகை. மெக்கானிக்கிடம் விட்டிருந்தால் சில நாளில் முடிந்திருக்கும். எனக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஆனாலும் வண்டி ஓடுகிறது.

செய்ததைத் தமிழில் படிப்படியாக எழுதிவருகிறேன். கழற்றும் வரை எழுத்து தடையின்றிப் போயிற்று. ஹெட்டைத் திரும்ப உட்கார வைத்து போல்ட்டுகளை இறுக்கும் இடத்தில் நின்றுவிட்டேன். டார்க் ரெஞ்சை என்னவென்று எழுதுவது? தேடியதில் 'முறுக்குவிசைக் குறடு' கிடைத்தது. படித்தால் பல் பிடுங்கும் கருவி போல இருக்கிறது. 'இறுக்கமானி' என்று வைத்துவிடலாமா? போல்ட் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டுவதுதானே அதன் வேலை?

* * *

மறு: டார்க் ரெஞ்ச் – தமிழில் என்ன?

தம்பி, குறடு வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடு. குறடு கவ்வும். ரெஞ்ச் நெட்டின் தலையில் பொருந்தி உட்கார்ந்து திருப்பும். இரண்டையும் ஒன்றாக்கியவர் கருவிப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்.

ஆனால் 'இறுக்கமானி'யை என்னால் ஏற்க முடியாது. அந்தக் கருவி இறுக்கத்தை அளப்பதே இல்லை. நீங்கள் கைப்பிடியில் கொடுக்கும் முறுக்கைத்தான் அது அறியும். அந்த முறுக்கில் ஏறக்குறையப் பாதி, போல்ட் தலைக்கு அடியில் உராய்வில் போய்விடும். இன்னொரு 40 விழுக்காடு மரைகளுக்கு இடையிலான உராய்வுக்கு. மிஞ்சுகிற பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை ரப்பர் போல இழுத்து நீட்டுகிறது. ஹெட்டையும் பிளாக்கையும் சேர்த்து அழுத்திப் பிடிப்பது அந்த நீட்சிதான்.

இப்போது மரையில் ஆயில் தடவிவிட்டீர்கள் என்று வையுங்கள். கருவியில் அதே எண், காதில் அதே 'டக்'. ஆனால் உராய்வு குறைந்ததால் போல்ட் கூடுதலாக நீண்டிருக்கும். மரை துருப்பிடித்திருந்தால் இதற்கு நேர்மாறு: எண் வந்துவிடும், பிடிப்பு வந்திருக்காது. அதனால்தான் மரையைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய், கையேடு சொன்னால் மட்டும் ஆயில் போடு என்கிறார்கள். போல்ட் இறங்கும் குழியில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் இன்னும் மோசம். அது போக வழியின்றி பிளாக்கையே பிளந்துவிடக்கூடும். 'இறுக்கமானி' என்ற பெயரைப் படிக்கிற புதியவர், எண் வந்தது, வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடுவார். பெயரே அவரை ஏமாற்றக் கூடாது.

என் பரிந்துரை: 'முறுக்களவி'. கயிற்றுக்கு ஏற்றுகிற முறுக்கும் மீசைக்குக் கொடுக்கிற முறுக்கும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. பின்னால் 'விசை' ஒட்டுவது தேவையற்றது மட்டுமன்று, தவறும்கூட. பிளஸ் ஒன் இயற்பியலில் 'திருப்பு விசை' என்று இருக்கிறது, எனக்கு அன்றும் பிடிக்கவில்லை. ஒரு அடி ஸ்பேனரில் இரண்டடி பைப்பைச் செருகித் திருப்புகிறோமே, அப்போது கை கொடுக்கும் விசை மாறவில்லை. மாறுவது முறுக்குதான். விசை என்றால் நியூட்டன், இது நியூட்டன்-மீட்டர். பழைய கையேடுகளில் கிலோ-மீட்டர் என்று போட்டிருப்பதைப் பார்த்துத் தூரம் என்று நினைத்தவர்களும் உண்டு. ஒரு கிலோ-மீட்டர் என்பது ஏறத்தாழ 9.8 நியூட்டன்-மீட்டர்.

கருவியே இல்லாமல் கைக் கணக்கில் இறுக்குவதற்கும் பெயர் இருக்கிறது, கைமுறுக்கு. சாப்பிடுவதற்கு நல்லது. அலுமினியத்தில் கூடாது. நான் ஒருமுறை ஸ்பார்க் பிளக்கைக் கைமுறுக்கில் வைத்து ஹெட்டின் மரையை மொத்தமாக வழித்து எடுத்தேன். பிறகு துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, உள்ளே எஃகுக் கம்பிச் சுருளை இறக்கிச் சரிசெய்தேன். ஹெலிகாயில் என்பார்கள். 'மரைச்சுருள்' என்று எழுதலாம், பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

* * *

மறு: மறு: டார்க் ரெஞ்ச் – தமிழில் என்ன?

ஐயா, ஒரு ஐயம். எங்கள் வீட்டில் தோட்டுத் திருகாணியை யாரும் முறுக்குவதில்லை. பாட்டி "நன்றாக முடுக்கு" என்றுதான் சொல்வார். எதிர்வீட்டு சைக்கிள் கடைக்காரரும் நெட்டை முடுக்குகிறார். வாழும் சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது 'முடுக்களவி' என்றால் என்ன?

இன்னொன்று. என்னிடம் இருப்பது 'டக்' என்று சொல்லும் வகை. அது எதையும் அளப்பதில்லை. நான் 60 என்று வைத்தால் 60 வந்ததும் கையில் உதறும், அவ்வளவுதான். 58 வரை போனதா, 40இல் நின்றதா என்று கேட்டால் அதற்குத் தெரியாது. இறுக்கமானி ஏமாற்றும் என்றீர்கள். அளவியும் அதே வேலையைத்தானே செய்கிறது?

* * *

மறு: மறு: மறு: டார்க் ரெஞ்ச் – தமிழில் என்ன?

அம்மா, இரண்டாவது கேள்வியில் தோற்றேன். நான் தொழில் கற்றபோது இருந்தது முள் வைத்த ரெஞ்ச். கைப்பிடி வளையும், முள் அசையாது, தகட்டில் எண்ணைப் படிப்போம். அது உண்மையாகவே அளந்தது. அந்த நினைப்பில் 'அளவி' என்று எழுதிவிட்டேன்.

முதல் கேள்வியில் பாட்டியை எதிர்த்துப் பேச எனக்கு ஆசை இல்லை. 'முடுக்கு' அழகான சொல், வினையாக அதையே எழுதுவோம்: போல்ட்டை முடுக்கு. ஆனால் பெயர்ச்சொல்லாக்கினால் சிக்கல். முடுக்கத்தைப் பாடநூல் வேகம் மாறுவதற்குக் கொடுத்துவிட்டது. முடுக்கி என்றால் ஆக்சிலரேட்டர். கார் பற்றிய புத்தகத்திலேயே அது காலால் மிதிப்பதா கையால் திருப்புவதா என்று வாசகர் குழம்பினால் என்ன செய்வது? நகைக்கடைக்கு எழுதினால் உங்கள் பக்கம் நிற்பேன்.

ஆகவே கொஞ்சம் இறங்கி வருகிறேன். 'முறுக்களவு' என்பது எண்ணுக்குப் பெயராக இருக்கட்டும். கருவி 'முறுக்களவு ஸ்பேனர்'. அளந்து காட்டினாலும் சரி, வைத்த அளவில் சொன்னாலும் சரி, இரண்டுக்கும் பொருந்தும். ஸ்பேனரை விரட்ட வேண்டாம், அது எப்போதோ நம் தெருவில் குடியேறிவிட்டது. வகை பிரிக்க வேண்டுமென்றால் முள் வகை, சொடுக்கு வகை. விரல் சொடுக்கும் ஓசைதானே அது. வேலை முடிந்ததும் சொடுக்கு வகையின் கைப்பிடியைத் தளர்த்தி, அளவுகோலின் அடியில் உள்ள எண்ணுக்குக் கொண்டுவந்து வைக்கவும் எழுதுங்கள் தம்பி. உள்ளே வில் அழுந்தியே கிடந்தால் நாளடைவில் பொய் சொல்லும்.

இதை முடிக்கும் முன், உங்கள் புத்தகத்தில் இல்லாத ஒன்றுக்கும் பெயர் தேவைப்படும். இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் ஹெட் போல்ட்டுகளைக் குறைந்த முறுக்களவில் உட்கார வைத்து, அதன்பின் 90 பாகை, மறுபடி 90 பாகை என்று கோணக் கணக்கில் திருப்புகிறார்கள். உராய்வின் சூதாட்டத்திலிருந்து தப்பிக்கத்தான் இந்த ஏற்பாடு: திருப்பிய கோணம் தெரிந்தால் நீட்சி தெரியும். அப்படித் திருப்பும்போது போல்ட் மீட்சி எல்லையைத் தாண்டி நிரந்தரமாக நீண்டுவிடும். கழற்றினால் பழைய நீளத்துக்குத் திரும்பாது. மறுபடி போடக் கூடாது, புதிது வாங்க வேண்டும். அதற்கு 'மீளா போல்ட்' என்று வைத்திருக்கிறேன். பெயரைக் கேட்ட மாத்திரத்தில், கழற்றியதைக் குப்பையில் போட வேண்டும் என்று தெரிய வேண்டும்.

* * *

மறு: மறு: மறு: மறு: டார்க் ரெஞ்ச் – தமிழில் என்ன?

ஐயா, அம்மா இருவருக்கும் நன்றி. அந்தப் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"மரைகளையும் குழிகளையும் துடைத்துக் காயவிடவும். போல்ட்டுகளை முதலில் கையால் இறக்கவும். பிறகு நடுவில் உள்ளதில் தொடங்கி வெளிநோக்கி, கையேட்டில் உள்ள வரிசைப்படி, முறுக்களவு ஸ்பேனரால் மூன்று சுற்றாக முடுக்கவும். ஒரே மூச்சில் முழு முறுக்களவுக்குப் போனால் ஹெட் கோணும். ஸ்பேனர் சொடுக்கியதும் நிறுத்தவும். உறுதிக்காக இன்னொரு இழுப்பு இழுக்க வேண்டாம்."

கடைசி வரி என் சொந்த அனுபவம். உறுதிக்காக இழுத்ததில்தான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

'மீளா போல்ட்'டை எடுத்துக்கொண்டேன். 'மரைச்சுருள்' பின்னிணைப்பில் வருகிறது. அடுத்த மடல் கேஸ்கெட் பற்றி. மெக்கானிக்குகள் பேக்கிங் என்கிறார்கள். நான் 'இடைத்தகடு' என்று எழுதிப் பார்த்தேன், ஆனால் கார்க்கிலும் ரப்பரிலும் வருவதை எப்படித் தகடு என்பது?