எஞ்செண்ணா, எஞ்சிருப்பா? அரிய பழைய கார்களின் கணக்குக்கு ஒரு சொல்

க. எழுதியது:

வணக்கம். ஜென்சன் எஃப்எஃப் என்ற பழைய பிரிட்டிஷ் காரைப் பற்றிய கட்டுரைக்கு ஒரு சொல் வேண்டும். 1966 முதல் 1971 வரை வெஸ்ட் பிராம்விச் ஆலையில் செய்தது மொத்தம் 320. நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் அமைப்பு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் டன்லப் மேக்சரெட் பிரேக், அத்தனையும் வலக்கை ஓட்டு. இதுவரை சிக்கல் இல்லை. அடுத்த பத்தியில் "இன்று இத்தனை இருக்கலாம்" என்று வருகிறது. ஆங்கிலத்தில் அந்த வண்டிகளைச் 'சர்வைவர்' என்கிறார்கள். "உயிர் பிழைத்த கார்கள்" என்று போட்டால் விபத்துச் செய்தி ஆகிவிடுகிறது.

எஞ்சு + எண் = எஞ்செண். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. ஏற்கலாமா?

செ. எழுதியது:

எஞ்செண் இலக்கணப்படி பழுதில்லை. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், எஞ்சின் என்றுதான் காதில் விழும். "இந்த மாடலின் எஞ்செண் என்ன" என்று ஒரு மெக்கானிக்கிடம் கேட்டால் பிளாக்கில் பொறித்த எண்ணைத் தேடப் போவார். மற்ற துறைக்கு ஆகலாம், கார் துறைக்கு ஆகாது.

சொல்லுக்கு முன்னால் இன்னொன்றைத் தீர்க்க வேண்டும். 'சர்வைவர்' இரண்டு பொருளில் புழங்குகிறது. பதிவேடு வைப்பவர்களுக்கு அது அழியாமல் இருக்கும் வண்டி, அவ்வளவுதான். அமெரிக்க ஆர்வலர்களுக்கு, குறிப்பாகக் கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் வட்டாரத்தில், ஆலையில் அடித்த பெயின்டோடும் பழைய சீட் உறையோடும் ஒருமுறையும் புதுப்பிக்காமல் இருப்பது. இரண்டாவதற்குக் 'கைபடா வண்டி' என்று தனிச்சொல் கொடுத்துவிடுவோம். இல்லாவிட்டால் முழுக்கப் பிரித்துப் புதுப்பித்த வண்டி கணக்கில் சேருமா சேராதா என்று வாசகர் குழம்புவார்.

முதல் பொருளிலும் எது எண்ணத்தக்கது என்று கோடு போட வேண்டும். ஓடுவதைச் சேர்ப்போம். கொட்டகையில் ஓடாமல் நிற்பதைச் சேர்ப்போம். பிரித்துப் பெட்டிகளில் கிடந்தாலும், எண் பொறித்த உடற்கூடு இருந்தால் சேர்ப்போம். கூடு போய் எண் தகடும் பதிவுச் சான்றும் மட்டும் யாரோ ஒருவரின் அலமாரியில் இருந்தால் அது வண்டி இல்லை, காகித வண்டி. விற்பனை விளம்பரங்களில் இது அடிக்கடி தலைகாட்டும், ஏனென்றால் அந்தக் காகிதத்துக்கே விலை உண்டு.

ந. எழுதியது:

செ. போட்ட கோட்டோடு உடன்படுகிறேன். புள்ளியியல் பக்கத்திலிருந்து இன்னொரு பிரிவு தேவை: எண்ணிச் சொல்வது வேறு, மதிப்பிட்டுச் சொல்வது வேறு. கிரைஸ்லர் டர்பைன் கார் 55 செய்தார்கள், 46ஐ நிறுவனமே அழித்தது, 9 மிச்சம். இதில் மதிப்பீடே இல்லை. 1948இன் டக்கர் 51இல் 47 இருப்பதும் அப்படித்தான், ஒவ்வொரு வண்டிக்கும் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. கார்டன்-கீபிள் என்ற பிரிட்டிஷ் கார் 99 செய்தார்கள், பின்னாளில் உதிரிப் பாகங்களிலிருந்து ஒன்று கூடியது. 90க்கு மேல் இருக்கின்றன. கண்ணாடியிழை உடல் என்பதால் துரு அதைத் தின்னவில்லை. சங்கமும் வண்டி வண்டியாகக் கணக்கு வைத்திருக்கிறது. எஃப்எஃப் எஃகு உடல். சக்கர வளைவும் கதவடிச் சட்டமும் உள்ளிருந்து அரிக்கும், பழுதுபார்ப்புச் செலவு வண்டி விலையைத் தாண்டினால் உடைத்து உதிரிக்கு விற்றுவிடுவார்கள். இங்கேதான் மதிப்பீடு தேவைப்படுகிறது.

முறை இது. ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு பட்டியல் எடுங்கள். ஒன்று சங்கப் பதிவேடு, மற்றது ஏலம், விற்பனை விளம்பரம், கண்காட்சிப் படங்கள் வழி திரட்டியது என்று வையுங்கள். இரண்டும் ஒரே ஓரிரு ஆண்டுக் காலத்துக்குள் இருக்க வேண்டும். கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு, எஃப்எஃப் எண்கள் அல்ல: முதல் பட்டியலில் 48, இரண்டாவதில் 36, இரண்டிலும் இருப்பது 27. இரண்டு பட்டியலிலும் பொதுவாக இருப்பதை வைத்து மொத்தத்தைக் கணிக்கும் சாப்மன் சூத்திரப்படி 49ஐ 37ஆல் பெருக்கி 28ஆல் வகுத்து 1 கழித்தால் 63.75, அதாவது 64. கண்ணால் கண்ட தனி வண்டிகள் 48 + 36 − 27 = 57. ஆக ஏறத்தாழ ஏழு வண்டி இரண்டு பட்டியலுக்கும் தப்பியிருக்கலாம். திட்ட விலக்கம் 4க்குச் சற்றுக் குறைவு, எனவே 95 விழுக்காட்டு எல்லை 56 முதல் 71. ஏற்கெனவே 57 வண்டி கையில் இருப்பதால் கீழெல்லையை 57 என்றே எழுத வேண்டும். 56 என்று அச்சிட்ட கட்டுரைக்காரர் தன் பட்டியலையே நம்பவில்லை என்று பொருள்.

எங்கே கெடும்? பொருத்தத்தில், அதாவது இரண்டு பட்டியலிலும் இருப்பது ஒரே வண்டிதான் என்று கண்டுகொள்வதில். சேசிஸ் எண்ணில், அதாவது ஆலை அந்த ஒரு வண்டிக்கென்று பொறித்த எண்ணில், 3ஐ 8 என்று படித்துவிட்டால் ஒரே வண்டி இரண்டாகத் தெரியும். மேலே சொன்ன 27இல் மூன்று பொருத்தம் தவறினாலே விடை 72 ஆகிவிடும், மூன்று எழுத்துப் பிழைக்கு எட்டு பேய் வண்டி. எதிர்த்திசையிலும் கெடும். சங்க உறுப்பினர்தான் கண்காட்சிக்கும் வருவார். அப்போது பொருத்தம் செயற்கையாகக் கூடும், விடை குறையும். எந்தப் பட்டியலிலும் வரவே வாய்ப்பில்லாத வண்டி, ஐம்பது ஆண்டாகப் பூட்டிய கொட்டகையில் கிடப்பது, இந்தக் கணக்கில் சேரவே சேராது. மூன்றாவது பட்டியல் கிடைத்தால் பட்டியல்களுக்கு இடையே சார்பு இருக்கிறதா என்று சோதிக்கலாம். இரண்டை வைத்துக்கொண்டு அது முடியாது.

சூழலியலில் இதற்கு மூல முறை, மீனைப் பிடித்து அடையாளமிட்டு விட்டு மறுபடி பிடிப்பது. அங்கே 'விட்டுப்பிடி முறை' என்பது அழகான சொல், பேச்சு வழக்கிலேயே இருக்கிறது. காரை யாரும் விடுவதுமில்லை பிடிப்பதுமில்லை. கட்டுரையில் 'இருபட்டியல் மதிப்பீடு' என்று போடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. வரிசை எண்ணை வைத்து மொத்தம் கணிக்கும் டாங்கிக் கணக்கை இங்கே இழுக்க வேண்டாம். 1942 ஆகஸ்டில் ஜெர்மனி செய்த டாங்கிகள் 327 என்று அந்த முறை சொன்னது. உளவுத்துறை சொன்னது 1550. போருக்குப் பின் கிடைத்த ஆவணத்தில் 342. அபாரமான முறைதான், ஆனால் அது சொல்வது எத்தனை செய்தார்கள் என்பதை, எத்தனை மிஞ்சின என்பதை அல்ல. அதற்கும் எண்கள் விட்டுப்போகாமல் வரிசையாக ஓட வேண்டும். அந்நாளைய ஃபெராரியில் சாலை வண்டிக்கு ஒற்றைப்படை, பந்தய வண்டிக்கு இரட்டைப்படை, அதுவும் பல மாடலுக்குப் பொது வரிசை. அங்கே போட்டால் விடை கந்தல்.

இ. எழுதியது:

பிரிட்டனின் பதிவு அலுவலகத் தரவை வைத்து "இத்தனை மிச்சம்" என்று இணையத்தில் போடுகிறார்கள். க. அதை அப்படியே எடுத்துவிட வேண்டாம் என்பதற்காக இது.

அந்தத் தரவில் இரண்டு பெட்டி: சாலை வரி எடுத்தவை, சாலைக்கு வராது என்று உரிமையாளர் அறிவித்தவை. பின்னதற்கு 'ஓய்வறிவிப்பு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். இந்த அறிவிப்பு முறை 1998 ஜனவரி 31இல்தான் வந்தது. அதற்கு முன்பே சாலையை விட்டு விலகி அப்புறம் எந்த மனுவும் போகாத வண்டி இரண்டு பெட்டியிலும் இராது. அதற்கும் முன்னால் இன்னொரு ஓட்டை. பழைய காகிதப் பதிவேடுகளை, பதிவு அலுவலகம் இருக்கும் ஸ்வான்சியில், கணினிக்கு மாற்றியபோது 1983 நவம்பர் கடைசி வரை கெடு வைத்தார்கள். அதற்குள் விண்ணப்பிக்காத வண்டிகள் பதிவிலிருந்தே விழுந்தன. பின்னால் வி765 படிவத்தில், சங்கம் ஒன்று சான்று சொன்னால், பழைய எண்ணைத் திரும்பப் பெறலாம். இப்படித் திரும்பும் வண்டியால் எண்ணிக்கை ஏறும். அதைக் கண்டு மிஞ்சிய வண்டி கூடிவிட்டது என்று எழுதக் கூடாது, வெளியே தெரிந்தது கூடியிருக்கிறது.

மிகையாகவும் காட்டும். 2013 டிசம்பருக்குப் பிறகு ஓய்வறிவிப்பை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டாம். வண்டியை இரும்புக்குப் போட்டவர் தகவல் சொல்லாவிட்டால் அது காலத்துக்கும் ஓய்விலேயே இருக்கும். தகுதிச் சோதனைப் பதிவை வைத்து இதைச் சரிபார்க்கலாம் என்றால், 2018 மே மாதத்திலிருந்து 40 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குச் சோதனை கட்டாயம் இல்லை. ஆக எஃப்எஃப் போன்றவற்றுக்கு அந்தத் தடயமும் 2018உடன் நின்றுபோயிருக்கலாம்.

மாடல் பெயரும் நம்பத்தக்கதல்ல. பல பழைய பதிவில் நிறுவனப் பெயர் மட்டும் இருக்கும், மாடல் இடம் காலி. எஃப்எஃப் ஒன்று 'ஜென்சன்' என்றோ, அதே நிறுவனத்தின் உடன்பிறப்பு மாடலான 'இன்டர்செப்டர்' என்றோ ஏறியிருந்தால் தேடலில் கிடைக்காது. படம் இருந்தால் முன்பக்க மட்காப்பைப் பாருங்கள். எஃப்எஃப்பில் காற்றுவாய் இரண்டு, இன்டர்செப்டரில் ஒன்று. சக்கர இடைவெளியும் எஃப்எஃப்பில் நான்கு அங்குலம் கூடுதல், அந்த நீளம் முழுக்க முன்கண்ணாடிக்கு முன்னால் இருக்கிறது. மட்காப்பைப் போலி செய்யலாம், நான்கு அங்குலத்தைச் செய்வது கடினம்.

பதிவெண்ணை வைத்து ஒருபோதும் பொருத்த வேண்டாம். அங்கே நல்ல எண்ணைக் கழற்றி விற்க முடியும், ஒரே வண்டி மூன்று எண்ணில் மூன்று ஏலப் பட்டியலில் வரும். சேசிஸ் எண் மட்டுமே சான்று.

த. எழுதியது:

எச்சம் என்று சுருக்கமாக வைத்தால் என்ன? பெயரெச்சம், வினையெச்சம், தொல்லெச்சம் எல்லாம் இருக்கின்றனவே. எச்சவெண், எச்சவீதம் என்று கிளைக்கவும் செய்யும்.

செ. எழுதியது:

காரின் மேல் எச்சம் என்றால் காக்கைதான் நினைவுக்கு வரும், த. அவர்களே. 'எஞ்சிய தொகை' என்றால் வங்கிப் பாக்கி. 'மிஞ்சிய' தனியே நின்றால் அளவு கடந்த என்றும் படிக்கலாம்.

எஞ்சு + இருப்பு = எஞ்சிருப்பு என்பது என் கட்சி. இருப்பு என்பதில் கடைக்காரர் சரக்கிருப்பும் இருக்கிறது, இருத்தலும் இருக்கிறது. இரண்டும் இங்கே பொருந்தும். ந. கேட்ட பிரிவும் எளிதாக வரும்: கண்டறிந்த எஞ்சிருப்பு 57, மதிப்பிட்ட எஞ்சிருப்பு 64. மொத்த உற்பத்தியால் வகுத்தால் எஞ்சுவீதம்.

ஒரு சேசிஸ் எண்ணுக்கு இரண்டு வண்டி உரிமை கோரும்போது என்ன செய்வது என்பதையும் விதியாக்கிவிடலாம். புகாட்டியிலும் ஏசி கோப்ராவிலும் இது பழைய வழக்கு: எஞ்சின் ஒருவரிடம், சட்டம் இன்னொருவரிடம், இருவரும் முழு வண்டி கட்டிக்கொள்வார்கள். எஞ்சிருப்பில் அது ஒன்றுதான். மூலச் சட்டமோ கூடோ எதில் கூடுதலாக இருக்கிறதோ அந்தப் பக்கம் எழுதி, மற்றதற்கு 'பிணக்கு' என்று குறிப்பு.

ந. எழுதியது:

எஞ்சிருப்புக்கு என் வாக்கு. ஒரே திருத்தம்: மதிப்பிட்ட எஞ்சிருப்பு என்று எழுதும் இடமெல்லாம் ஆண்டையும் எல்லையையும் சேர்த்தே எழுத வேண்டும். தனி எண்ணாக விட்டால் அடுத்த கட்டுரை அதைக் கண்டறிந்ததாக மாற்றிவிடும், அதற்கடுத்தது ஏல அறிவிப்பில் ஏறிவிடும்.

க. எழுதியது:

சரி, எஞ்செண்ணைத் திரும்பப் பெறுகிறேன். கட்டுரையில் சொற்றொடர் இப்படிப் போகும்: "உற்பத்தி 320. கண்டறிந்த எஞ்சிருப்பு (சேசிஸ் எண் சரிபார்த்தவை), மதிப்பிட்ட எஞ்சிருப்பு (இருபட்டியல் முறை, ஆண்டு, கீழெல்லை, மேலெல்லை), காகித வண்டிகள் நீங்கலாக." பதிவு அலுவலக எண்ணைத் தனி வரியில், வரி எடுத்தவை, ஓய்வறிவிப்பில் உள்ளவை என்று பிரித்துத் தருகிறேன், எஞ்சிருப்பு என்ற தலைப்பின் கீழ் வைக்க மாட்டேன்.

இ. அவர்களுக்கு ஒரு கேள்வி: 1983இல் பதிவு விழுந்து, வெளிநாட்டில் வேறு பதிவோடு ஓடும் வண்டியை எந்த வரியில் சேர்ப்பது?

இ. எழுதியது:

சேசிஸ் எண் படத்தோடு கிடைத்தால் கண்டறிந்ததில் சேருங்கள், நாடு எதுவானாலும். படம் இல்லாமல் பேச்சாக மட்டும் வந்தால் காத்திருப்புப் பட்டியலில் வையுங்கள். இருபட்டியல் கணக்கில் மட்டும் கவனம்: முதல் பட்டியல் பிரிட்டனுக்கு மட்டும், இரண்டாவது உலகம் முழுவதற்கும் என்றால் பொருத்தம் குறைந்து விடை வீங்கும். இரண்டையும் ஒரே எல்லைக்குள் வெட்டிக்கொண்டு கணக்குப் போடுங்கள், வெளிநாட்டு வண்டிகளைக் கடைசியில் தனியே கூட்டுங்கள்.