மாணவர் செல்போனை வாங்கி வைக்கும் பள்ளிகளில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வணக்கம். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பிளஸ் ஒன் வகுப்பாசிரியை நான். ஜூன் முதல் மாணவர்கள் செல்போன் வைத்திருக்கத் தடை. தடை எனக்குச் சம்மதம்தான். நடைமுறைதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்ல முடியவில்லை. பாதிப் பிள்ளைகள் இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வீடு சேர ஏழு மணி ஆகிறது. போன் இல்லாமல் அனுப்பப் பெற்றவர்களுக்குப் பயம், அது நியாயமும்கூட. போன வாரம் ஒத்திகை பார்த்தோம். 46 போனை வாங்கி எண் ஒட்டி வைப்பதற்குள் முதல் பீரியடில் 20 நிமிடம் போயிற்று. ஒன்றில் டிஸ்பிளே கீறல். யார் பொறுப்பு என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

பூட்டோடு கூடிய இரும்பு அலமாரிக்கு வகுப்புக்கு 14,000 ரூபாய் கேட்கிறார்கள். 18 வகுப்புக்கு 2,52,000. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் அவ்வளவு பணம் கிடையாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில அரசுப் பள்ளிகளில் 2020 முதலே தடை உண்டு. அங்கே பிள்ளைகள் லாக்கரில் பூட்டி வைக்கலாம். நம் பிள்ளைகளுக்கு லாக்கர் ஏது?

சுவரில் துணிப்பை தொங்கவிட்டுச் சமாளித்தவர்கள் இருக்கிறீர்களா? பழைய போனைக் கொடுத்துவிட்டு நல்ல போனை ஒளிப்பவர்களை என்ன செய்தீர்கள்? பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிய கடிதத்தின் மாதிரி இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள்.