பொய் மருத்துவப் பதிவுகளை நீக்கினால் என்ன தவறு?

வேப்பிலை
தடுப்பூசி போட்டால் ஆட்டிசம் வரும், பிளீச் குடித்தால் கிருமி சாகும், புற்றுநோய்க்குக் கீமோ வேண்டாம், சோடா உப்பு போதும். இவை மூன்றும் பொய்யென்று எப்போதோ தெரிந்துவிட்டது. இன்னும் சுற்றுகின்றன. இதை நம்பி ஒருவர் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் போவது அவர் உயிர். என் வாதம் இதுதான்: இத்தகைய பதிவுகளைத் தளங்கள் நீக்க வேண்டும்; நீக்க மறுக்கும் தளத்தை அரசு முடக்க வேண்டும். கருத்துச் சுதந்திரம் பேச வருபவர்கள் பிளீச்சுக்கு என்ன பதில் என்று முதலில் சொல்லட்டும்.

ஓட்டைவாளி
ரெண்டு வேலையை ஒரே வாக்கியத்துல போட்டுட்டீங்க. தளம் தன் சர்வர்ல இருந்து ஒரு பதிவைத் தூக்கறது வேற. வெளியில இருந்து அரசு ஒரு தளத்தை முடக்கறது வேற. முதல் விஷயத்தை மத்தவங்க பேசட்டும், நான் ரெண்டாவதுக்கு வரேன்.

அரசு சொன்னா, இணைய இணைப்புத் தர்ற நிறுவனம் கை வைக்கக்கூடிய முக்கியமான இடம் நாலு.

டிஎன்எஸ், அதாவது தளத்தோட பேரை (டொமைன்) எண் முகவரியா (ஐபி) மாத்தித் தர்ற அடைவு: பேருக்கு முகவரி கேட்டா "அப்படி ஒண்ணு இல்லவே இல்லை"ன்னு பொய் சொல்றது, இல்லேன்னா தப்பான முகவரியைத் தர்றது. செலவே கிடையாது. ஆனா வேற டிஎன்எஸ் போட்டா போச்சு. 2014 மார்ச்ல துருக்கியில ட்விட்டரை இப்படித்தான் தடுத்தாங்க. ஜனங்க கூகுளோட பொது டிஎன்எஸ் முகவரியான 8.8.8.8-ஐச் சுவர்ல பெயின்ட்ல எழுதி வச்சாங்க. மாசக் கடைசியில அந்த 8.8.8.8-க்குப் போற போக்குவரத்தையே திருப்பிவிட்டு, வேற சர்வரை அந்த முகவரியில பதில் சொல்ல வச்சாங்க.

ஐபி: முகவரியையே தடுக்கறது. ஒரே கிளவுட் முகவரிக்குப் பின்னாடி ஆயிரக்கணக்கான தளங்கள் இருக்கும், எல்லாம் சேர்ந்து விழும். 2018 ஏப்ரல்ல ரஷ்யா டெலிகிராமைத் துரத்தி அமேசான், கூகுள் முகவரிகளா ஏறத்தாழ 1.8 கோடி ஐபியைத் தடுத்துச்சு. சம்பந்தமே இல்லாத கடைகள், விளையாட்டு சர்வர்கள் எல்லாம் படுத்துச்சு. டெலிகிராம் முகவரியை மாத்தி மாத்தி ஓடிட்டே இருந்துச்சு. 2020 ஜூன்ல தடையை வாபஸ் வாங்கிட்டாங்க.

எஸ்என்ஐ: டிஎல்எஸ்ங்கற குறியாக்கிய இணைப்போட முதல் செய்தியில டொமைன் பேர் (அதுதான் எஸ்என்ஐ) வெளிப்படையா போகும். அதைப் படிச்சு இணைப்பை வெட்டறது. இன்னிக்கு அதிகம் நம்பறது இதைத்தான்.

கடைசி பிஜிபி, அதாவது எந்த முகவரிக்கு எந்த வழின்னு நிறுவனங்கள் ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கற முறை; அதுல வழித்தடத்தையே பொய்யா அறிவிக்கறது. 2008 பிப்ரவரி 24, பாகிஸ்தான் டெலிகாம். யூடியூப் அறிவிச்சிருந்தது /22 அளவு முகவரித் தொகுப்பு (இந்த எண் பெருசானா தொகுப்பு சின்னது). இவங்க அதுக்குள்ள ஒரு /24-ஐ உள்நாட்டுக்குன்னு அறிவிச்சாங்க, அது மேல்நிலை நிறுவனம் வழியா வெளியே கசிஞ்சுது. ரவுட்டர்கள் எப்பவும் குறுகலான அறிவிப்பைத்தான் நம்பும். உலகத்துல பல இடத்துக்கு யூடியூப் ரெண்டு மணி நேரத்துக்கு மேல கிடைக்கல. யூடியூப் அதே /24-ஐ அறிவிச்சும் முழுசா மீளல, ரெண்டு /25 அறிவிக்க வேண்டி வந்துச்சு.

இப்ப கேள்வி. இந்த நாலுல எது "பிளீச் பதிவு"ங்கற ஒரே ஒரு பக்கத்தைத் தடுக்கும்? எதுவும் தடுக்காது. எச்டிடிபிஎஸ்ல, அதாவது குறியாக்கிய வலைத்தொடர்புல, டொமைனுக்கு அப்புறம் வர்ற முகவரி முழுக்க மறைஞ்சிருக்கும். தடுத்தா மொத்தத் தளமும் போகும்.

வேப்பிலை
> எதுவும் தடுக்காது

பிரிட்டனில் 2008 டிசம்பரில் விக்கிபீடியாவின் ஒரு பக்கத்தை மட்டும் தடுத்தார்களே?

ஓட்டைவாளி
தடுத்தாங்க. அப்ப விக்கிபீடியா குறியாக்கம் இல்லாத சாதாரண எச்டிடிபியில ஓடுச்சு, நடுவுல ப்ராக்ஸிங்கற இடைத்தரகு சர்வர் வச்சுப் பக்க முகவரியைப் படிக்க முடிஞ்சுது. அதுலயும் என்ன ஆச்சு? அந்தந்த நிறுவனத்தோட வாடிக்கையாளர் எல்லாரும் விரல்விட்டு எண்ணக்கூடிய ப்ராக்ஸி முகவரிகள்ல இருந்து வர்ற மாதிரி விக்கிபீடியாவுக்குத் தெரிஞ்சுது. ஒரு விஷமியைத் தடுத்தா அத்தனை பேரும் தடைபட்டாங்க. கணக்கு இல்லாதவங்க தொகுக்கவே முடியல. ஒரு ஆல்பத்தோட அட்டைப் படத்துக்காக நடந்த கூத்து, சில நாள்ல தடையை எடுத்துட்டாங்க.

வேப்பிலை
ஓட்டை இருக்கிறது என்பதற்காகப் பூட்டே வேண்டாம் என்பீர்களா? டிஎன்எஸ் மாற்றத் தெரிந்தவர் எத்தனை பேர்? தடங்கல் கொஞ்சம் இருந்தாலே பரவல் குறையும். வாட்ஸ்அப்பையே பாருங்கள். 2019 ஜனவரியில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 அரட்டைகளுக்கு மேல் அனுப்ப முடியாது என்று உலகம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். 2020 ஏப்ரலில், ஏற்கெனவே ஐந்து கை மாறி வந்ததை ஒரு அரட்டைக்குத்தான் அனுப்பலாம் என்றார்கள். அப்படிப் பலமுறை கைமாறும் செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே சொன்னது.

பூஜ்யம்ஒன்று
வேப்பிலை சார், அந்த உதாரணம் உங்களுக்கு எதிராகவே போகிறது. வாட்ஸ்அப் அங்கே எதையும் படிக்கவில்லை. முனைக்கு முனை குறியாக்கம், படிக்கவும் முடியாது. எத்தனை கை மாறியது என்ற எண்ணிக்கை செய்திக்குள்ளேயே குறியாக்கப்பட்டுப் போகிறது, பெறுபவரின் செயலி அதைப் பார்த்து வரம்பு போடுகிறது. மருத்துவப் பொய்யும் பண்டிகை வாழ்த்தும் அதற்கு ஒன்றுதான். ஓட்டையும் உண்டு: எழுத்தை நகலெடுத்துப் புதிதாக ஒட்டினால், படத்தைச் சேமித்து மறுபடி ஏற்றினால், எண்ணிக்கை சுழியத்துக்கு வந்துவிடும்.

உள்ளடக்கத்தைப் பார்த்து நீக்குவது வேறு கணக்கு. ஒரு நாளில் 10 லட்சம் பதிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 1,000 மட்டும் அபாயமான பொய். பதிவைத் தானாகப் பிரிக்கும் உங்கள் நிரல் (வகைப்படுத்தி) மிக நல்லது: பொய்யில் 99 சதவீதத்தைப் பிடிக்கும், நல்லதில் 99 சதவீதத்தை விட்டுவிடும். பிடிபட்ட பொய் 990. மீதி 9,99,000 நல்ல பதிவுகளில் ஒரு சதவீதம், அதாவது 9,990, தவறாகச் சிக்கும். சிவப்பு விளக்கு எரிந்த 10,980 பதிவில் உண்மையான குற்றவாளி 9 சதவீதம்தான். மனிதர் பார்க்கட்டும் என்றால், பதிவுக்கு 2 நிமிடம் வைத்தாலும் 366 மணி நேரம். தினமும் எட்டு மணி நேரம் கண்ணிமைக்காமல் வேலை செய்யும் 46 பேர், ஒரே மொழிக்கு. அந்த 99 என்ற எண்ணே தாராளம். நக்கலும் வட்டார வழக்கும் வந்தால் வகைப்படுத்தி தடுமாறும்.

படத்துக்கு வந்தால் இன்னும் சிக்கல். பிடிக்யூ போன்ற பட ஒப்பீட்டு முறைகள் படத்தை 256 பிட் கைரேகையாக்கும். இரண்டு கைரேகைகளுக்கு 31 பிட் வரை வேறுபாடு இருந்தால் ஒரே படம் என்று கொள்ளும். அளவு மாற்றினாலும் லேசாக மங்கலாக்கினாலும் பிடிக்கும். திருப்பிப் போட்டால் நழுவும், அதற்குத் திருப்பிய கைரேகையையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். பெரிய வில்லங்கம் அதுவல்ல. ஒரு மருத்துவர் அதே படத்தைப் போட்டு மேலே சிறிதாக "இது பொய்" என்று எழுதினால், கைரேகை அநேகமாக அந்த எல்லைக்குள்ளேயே இருக்கும். பொய்யோடு மறுப்பும் போகும்.

வேப்பிலை
எல்லாப் பதிவையும் ஏன் பார்க்க வேண்டும்? பத்து பேர் பார்த்த பதிவால் ஊர் கெடாது. பார்வை ஒரு எல்லையைத் தாண்டியதை மட்டும் மனிதர் பார்வைக்கு அனுப்புங்கள், உங்கள் 46 பேர் நான்கைந்தாகக் குறைவார்கள். சந்தேகமானதை நீக்காமல் பரிந்துரையில் இருந்து எடுங்கள். யூடியூப் 2019 ஜனவரியில் தட்டைப் பூமி, போலி அற்புத சிகிச்சை வீடியோக்களுக்கு இதைத்தானே அறிவித்தது?

பூஜ்யம்ஒன்று
பார்வை எல்லை நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூடிய குழுக்களில் அது வேலை செய்யாது. 300 பேர் கொண்ட நோயாளிக் குழுவில் ஒரு பொய், எந்த எல்லையையும் தொடாது. பரிந்துரையில் இருந்து எடுப்பதில் இன்னொரு கோளாறு: எழுதியவருக்குத் தெரியாது. தெரியாவிட்டால் மேல்முறையீடும் கிடையாது. நீக்கத்துக்காவது அறிவிப்பு வரும்.

நுண்ணோக்கி
எல்லாரும் குழாயைப் பற்றிப் பேசுகிறீர்கள், திருகு யார் கையில் என்று கேட்கவில்லை.

2000-களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவில் எச்ஐவிதான் எய்ட்ஸுக்குக் காரணமா என்று சந்தேகம் கிளப்பியது அதிபர் தாபோ உம்பெக்கியேதான். சுகாதார அமைச்சர் பூண்டும் பீட்ரூட்டும் சாப்பிடச் சொன்னார். மருந்து தாமதமானது. 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008-இல் கணக்கிட்டார்கள். வேப்பிலை கேட்கும் முடக்கும் அதிகாரம் அன்று அந்த அமைச்சகத்திடம் இருந்திருந்தால் எது "பொய் மருத்துவம்" ஆகியிருக்கும்? தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் மாத்திரைக்காகப் போராடிய டிஏசி என்ற நோயாளர் உரிமை அமைப்பின் துண்டறிக்கைதான். அவர்கள் 2002-இல் அரசியல் சாசன நீதிமன்றத்தில் வென்றது பேச இடம் இருந்ததால்.

சோவியத்தில் இன்னும் மோசம். 1948 ஆகஸ்டில், மரபணுவை மறுத்த வேளாண் அறிவியலாளர் லைசென்கோவின் கொள்கையை அரசு ஏற்றது, மரபியல் பாடத்திட்டத்தில் இருந்தே போனது. அதற்கு முன்பே கைதான மரபியலாளர் வவிலோவ் 1943-இல் சிறையில் இறந்துவிட்டார்.

வேப்பிலை
சர்வாதிகாரத்தைக் காட்டி எதையும் மறுக்கலாம். அடுத்து கலிலியோ, அதற்கடுத்து பாரி மார்ஷல் வருவார்கள். மார்ஷல் கதையை ஒழுங்காகச் சொல்லுங்கள்: வயிற்றுப் புண்ணுக்கு பாக்டீரியா காரணம் என்ற அவருடைய, சக ஆய்வாளர் வாரனுடைய கட்டுரையை லான்செட் மருத்துவ ஆய்விதழ் 1984-இல் வெளியிட்டது. யாரும் வாயை அடைக்கவில்லை. சந்தேகப்பட்டார்கள், அவர் சான்று கொடுத்தார், 1994-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனக் குழு ஏற்றது, 2005-இல் நோபல். சான்று உள்ளவர் ஆய்விதழில் வெல்கிறார். நான் நீக்கச் சொல்வது சான்றே இல்லாத சரக்கை.

நுண்ணோக்கி
மார்ஷல் பற்றிச் சொன்னது சரி, அவரைத் தியாகியாக்குபவர்கள் கட்டுரையைப் படிப்பதில்லை. ஆனால் ஜனநாயக நாட்டு உதாரணமே தருகிறேன். கோவிட் வைரஸ் மனிதர் உருவாக்கியது என்ற கூற்றை ஃபேஸ்புக் 2021 பிப்ரவரியில் நீக்கல் பட்டியலில் சேர்த்தது. மே 26 அன்று எடுத்துவிட்டது. இடைப்பட்ட மூன்றரை மாதத்தில் அந்தக் கூற்று மெய்யாகவும் இல்லை, பொய்யாகவும் இல்லை, தீராத கேள்வி. பட்டியலில் "தீரவில்லை" என்று ஒரு கட்டமே கிடையாது.

ஆட்டிசம் பொய்யையே எடுங்கள். அதற்கு ஊற்று 12 குழந்தைகளை வைத்து பிரிட்டன் மருத்துவர் வேக்ஃபீல்டு 1998-இல் எழுதிய கட்டுரை. வந்தது நீங்கள் நம்பும் அதே லான்செட்டில்! திரும்பப் பெற 2010 ஆனது. திரும்பப் பெற்றபோது அழித்தார்களா? இல்லை. இன்றும் இணையத்தில் கிடைக்கிறது, பக்கங்களின் குறுக்கே "திரும்பப் பெறப்பட்டது" என்று சிவப்பு முத்திரையோடு. எது தவறென்று அடுத்தவர் சரிபார்க்க அது அங்கேயே இருந்தாக வேண்டும். ஆய்விதழ் செய்வதைத் தளமும் செய்யட்டும்: முத்திரை குத்து, அழிக்காதே.

வேப்பிலை
முத்திரைக்குப் பன்னிரண்டு வருடம் ஆனதையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

பூஜ்யம்ஒன்று
தளங்களில் அவ்வளவு ஆகாது, ஆனால் ஆறிப்போகும். ட்விட்டர் 2021 ஜனவரியில் தொடங்கிய சமூகக் குறிப்புகளில், அதாவது பதிவுக்குக் கீழே பயனர்களே எழுதும் விளக்கங்களில், குறிப்புக்கு எத்தனை ஓட்டு என்று மட்டும் பார்ப்பதில்லை. ஓட்டுப் போட்டவரின் சாய்வு, குறிப்பின் சாய்வு இரண்டையும் கழித்தபின் மிஞ்சும் மதிப்பு 0.40 தொட்டால்தான் குறிப்பு வெளியே தெரியும். வழக்கமாக முட்டிக்கொள்ளும் இரண்டு தரப்பும் "பயனுள்ளது" என்றால்தான் அந்த எண் வரும். கும்பலாக வந்து அமுக்க முடியாது, அது லாபம். நஷ்டம், இரண்டு தரப்பும் வந்து சேர்வதற்குள் பதிவு ஓடி முடிந்திருக்கும். அரசியல் ஏறிய விஷயத்தில் பெரும்பாலான குறிப்புகள் அந்த எண்ணைத் தொடுவதே இல்லை.

சும்மாபடிப்பவன்
நடுவில் ஒரு கேள்வி. ஒரு தளம் திறக்கவில்லை என்றால் தடையா, கோளாறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓட்டைவாளி
வரிசையா பாருங்க. முதல்ல உங்க நிறுவனத்து டிஎன்எஸ்கிட்ட ஒரு தடவை, குறியாக்கிய டிஎன்எஸ் வழியா ஒரு தடவை முகவரி கேளுங்க. ரெண்டும் வேறயா வந்தா உடனே "தடை"ன்னு கத்தக்கூடாது. பெரிய தளங்கள் இடத்துக்கு இடம் வேற முகவரி தரும். வந்த முகவரிக்கு டிஎல்எஸ் இணைப்புப் போட்டு, தளம் காட்டற அடையாளச் சான்றிதழ் அந்த டொமைனுக்குப் பொருந்துதான்னு பாருங்க. பொருந்தலைன்னா டிஎன்எஸ் பொய் சொல்லுது.

முகவரி சரி, ஆனா எச்டிடிபிஎஸ் நுழைவாயிலான 443-ல முதல் கைகுலுக்கலுக்கே பதில் இல்லைன்னா ஐபி தடை, இல்ல சர்வரே படுத்திருக்கு. வேற நாட்டுல இருந்து சோதிச்சா தெரிஞ்சுடும். கைகுலுக்கல் முடிஞ்சு, டொமைன் பேர் போன அடுத்த நொடி ரீசெட் (இணைப்பை முறிக்கற செய்தி) வந்தா எஸ்என்ஐ மேல சந்தேகம். அதே ஐபிக்கு வேற பேரைப் போட்டு அனுப்புங்க. வெட்டு விழலைன்னா உறுதி. ரீசெட் பாக்கெட்டோட டிடிஎல் (ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒண்ணு குறையற எண்), சர்வர் முன்னாடி அனுப்பினதோட ஒத்துப்போகலைன்னா நடுவுல யாரோ செருகினது.

ஒரு எச்சரிக்கை. 2024-ல குரோம் உலாவியோட 124-ஆம் பதிப்பு, குவாண்டம் கணினித் தாக்குதலைத் தாங்கும் சாவிப் பரிமாற்றத்தை இயல்பா ஆன் பண்ணுச்சு. அந்தச் சாவிப் பங்கு மட்டும் 1,216 பைட், முதல் செய்தி ஒரு பாக்கெட்ல அடங்காது. நடுவுல இருக்கற சில பழைய வலையமைப்புப் பெட்டிகள் ரெண்டாவது பாக்கெட்டுக்குக் காத்திருக்கத் தெரியாம இணைப்பை உடைச்சுது. பார்க்கத் தடை மாதிரியே இருக்கும். இதெல்லாம் கையால செய்ய முடியலைன்னா இணையத் தடையைச் சோதிக்கற ஓனி செயலியைப் போட்டு ஓட்டுங்க, பெரும்பகுதியை அதுவே செய்யும். ஆனா முடிவு பொதுவுல வெளியாகும்னு தெரிஞ்சு ஓட்டுங்க.

வேப்பிலை
சரி, என் கோரிக்கையைச் சுருக்குகிறேன். தள முடக்கம் வேண்டாம். குடித்தால், நிறுத்தினால் நேரடியாக உயிர் போகும் கூற்றுகளுக்கு மட்டும் நீக்கம். பட்டியல் வெளிப்படையாக இருக்கட்டும், ஒவ்வொரு வரிக்கும் 90 நாள் ஆயுள், புதுப்பிக்க எழுத்தில் காரணம். நீக்கினால் 451 குறியீடு காட்டட்டும். சட்டக் காரணத்தால் கிடைக்காது என்று சொல்ல 2016-இலேயே தரம் வந்துவிட்டது, தடுத்தது யார் என்று குறிக்கவும் அதில் இடமிருக்கிறது.

நுண்ணோக்கி
90 நாளும் எழுத்துக் காரணமும் வந்தால் பாதி எதிர்ப்பைக் கைவிடுகிறேன். மீதிப் பாதி, பட்டியல் போடும் குழுவில் யார் இருப்பார்கள் என்பதில்.

ஓட்டைவாளி
451-ஐத் தளமே காட்டினா சரி. நடுவுல இருக்கற இணைய நிறுவனம் எச்டிடிபிஎஸ்ல காட்டவே முடியாது. அவங்ககிட்ட அந்த டொமைனுக்குச் சான்றிதழ் கிடையாது, உலாவி சிவப்பு எச்சரிக்கைதான் போடும். எச்டிடிபிஎஸ்லதான் வரணும்னு தளம் கட்டாயப்படுத்தற எச்எஸ்டிஎஸ் இருந்தா அதைத் தாண்டிப் போகவும் விடாது. பயனருக்குத் தெரியறது "இணைப்பு துண்டிக்கப்பட்டது" மட்டும். அவர் ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு இருப்பார்.