பையில் ஒரே ஒரு .32 தோட்டா, ஏர்போர்ட்டில் ஆயுதச் சட்ட வழக்கு: உதவி தேவை

தென்காசி அக்கா
தம்பி சென்னையிலிருந்து டெல்லி கிளம்பும்போது எக்ஸ்ரேயில் அவன் பையில் ஒரு .32 தோட்டா சிக்கியது. பை எங்க சித்தப்பாவுடையது. அவரிடம் லைசென்ஸ் ரிவால்வர் இருக்கிறது. 25(1பி)(ஏ) பிரிவில் எஃப்.ஐ.ஆர். போட்டு, நோட்டீஸ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். துப்பாக்கியே இல்லாமல் வழக்கு நிற்குமா? அவன் பாஸ்போர்ட்டையும் புதுப்பிக்கணும்.

கீழ்க்கோர்ட் வக்கீல்
துப்பாக்கி இல்லை என்பதற்காக மட்டும் வழக்கு விழாதும்மா. 3-ஆம் பிரிவு தோட்டாவுக்கும் லைசென்ஸ் கேட்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு. அந்த நோட்டீஸ் பி.என்.எஸ்.எஸ். (பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்ற நடைமுறைச் சட்டம்) 35(3)-இன் கீழ் வந்தது. அதில் போட்ட தேதிக்குக் கண்டிப்பாகப் போகணும். போகாவிட்டால் கைதுக்கு அதுவே காரணமாகும்.

உங்கள் பலம் 'தெரிந்து வைத்திருத்தல்' என்ற புள்ளியில் இருக்கிறது. பொருள் தன்னிடம் இருப்பது தெரிந்திருந்தால்தான் அது சட்டப்படி கைவசம் என்று உச்ச நீதிமன்றம் 1972-இலேயே சொல்லிவிட்டது. 1994-இல் சஞ்சய் தத் வழக்கில் அரசியல் சாசன அமர்வும் அதையே சொன்னது. அதனால் தம்பி வாயிலிருந்து வரும் ஒவ்வொரு வார்த்தையும் முக்கியம். 'பையில் இருந்தது எனக்குத் தெரியாது' என்பது வேறு, 'எடுத்து வைக்க மறந்துட்டேன்' என்பது வேறு. மறந்தேன் என்றால் முன்பு தெரிந்திருந்தது என்று அர்த்தமாகிவிடும். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகாது. ஆனால் ஏர்போர்ட் பாதுகாப்புப் படையிடம் எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு அந்தத் தடை பொருந்துமா என்பதே வாதத்துக்குரியது. அப்படி ஏதாவது எழுதிக் கொடுத்தானா என்று முதலில் கேளுங்கள்.

தென்காசி அக்கா
எதுவும் எழுதித் தரவில்லையாம் சார். ஒற்றைத் தோட்டாவுக்கு ஆயுதச் சட்டம் 45(டி)-யில் விலக்கு உண்டு என்று ஒருவர் சொன்னார். தோட்டா தன்னுடையதுதான் என்று எழுதித் தர சித்தப்பாவும் தயார்.

மகஜர் சாட்சி
இரண்டும் ஒன்றோடொன்று மோதும், கவனம். 45(டி) விலக்கு, ஆயுதம் அல்லது தோட்டாவின் சிறு பாகங்களுக்கு. அதுவும் 'அந்த நபரோ வேறு எவரோ' வைத்திருக்கும் இணைப் பாகத்தோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாதபோதுதான். சித்தப்பா வீட்டு ரிவால்வரே அந்த இணைப் பாகம் என்று அரசு வக்கீல் வாதிடலாம். முழுத் தோட்டா சிறு பாகமே அல்ல என்று சொன்ன தீர்ப்புகளும் இருக்கின்றன. அதனால் 'தெரியாது' என்பதை முன்னே வையுங்கள். 45(டி) பின்னால் வரட்டும்.

சித்தப்பாவின் வாக்குமூலம் உதவும். ஆனால் தோட்டாவைக் கண்ட இடத்தில் போட்டதாக, லைசென்ஸ் நிபந்தனை மீறல் என்று 30-ஆம் பிரிவில் அவர் மேலேயே திரும்பலாம். அவருக்கென்று தனி வக்கீல் பார்த்த பிறகே கையெழுத்துப் போடட்டும். லைசென்ஸ் நகலும் தோட்டா வாங்கிய ரசீதும் இப்போதே எடுத்து வையுங்கள். தோட்டாவின் அடிப்பக்கத்தில் வட்டமாகப் பொறித்திருக்கும் எழுத்தைப் பாருங்கள், 'கே.எஃப்.' என்றால் கட்கி அரசுத் தொழிற்சாலைச் சரக்கு. அந்தப் பொறிப்பு மகஜரில் (பறிமுதல் செய்தபோது எழுதிய குறிப்பில்) இருக்கிறதா, உள்துணிக் கிழிசலில் கிடைத்ததா, மேல் ஜிப்பில் கிடைத்ததா, வீடியோ எடுத்தார்களா என்று பாருங்கள். கிழிசலுக்குள் கிடந்தது என்று மகஜரே சொன்னால் பாதி வேலை முடிந்தது.

கீழ்க்கோர்ட் வக்கீல்
இன்னொன்று. 3-ஆம் பிரிவுக் குற்றத்துக்கு வழக்குத் தொடர 39-ஆம் பிரிவின்படி மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும். சென்னை போல கமிஷனர் இருக்கும் இடத்தில் அந்த அதிகாரம் கமிஷனருக்கே. எஃப்.ஐ.ஆர். போட இது தேவையில்லை. ஆகவே 'அனுமதி இல்லை' என்று இப்போதே ஹைகோர்ட் போனால் மனு தங்காது. தடய அறிவியல் அறிக்கையும் குற்றப்பத்திரிகையும் வரட்டும். அறிக்கை வருவதற்கு முன்பே அனுமதி கொடுத்திருந்தால், எதைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று கேட்கலாம். அதன் பிறகு பி.என்.எஸ்.எஸ். 528-இல் ரத்து மனு போடுவதே என் யோசனை.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் வழக்கை மறைக்க வேண்டாம். கோர்ட் வழக்கைக் கோப்புக்கு எடுத்த பிறகு புதுப்பிப்பதானால், மத்திய அரசின் 1993 பாஸ்போர்ட் அறிவிக்கையின்படி அதே கோர்ட்டில் அனுமதி உத்தரவு வாங்கணும். எத்தனை ஆண்டுக்கு என்று உத்தரவில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் ஒரு வருடத்துக்குத்தான் பாஸ்போர்ட் தருவார்கள்.