ஸ்கோப் பொருத்தியே வரும் வேட்டை ரைஃபிள்: சுடும் முன் எதைப் பார்க்கணும்?

கேள்வி: தொழிற்சாலையிலேயே ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டி, போர்சைட் (பீப்பாய்த் துளையின் நேருக்கு ஸ்கோப்பைத் தோராயமாக அமைப்பது) செய்ததாக அட்டையில் போட்டிருக்கு. 100 கெஜத்தில் குண்டுகள் 6 அங்குலத்துக்குச் சிதறுது. ஸ்கோப்பை மாத்திடலாமா?

பதில் 1: அவசரப்படாதீங்க, பெரும்பாலும் திருகுதான் காரணம். தோட்டா அறையும் மேகஸினும் காலியா என்று பார்த்துவிட்டு, அறையை அடைக்கும் தாழான போல்ட்டைக் கழற்றுங்க. ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரிங் மூடியை மட்டும் இறுக்கினால் போதாது. ஸ்கோப்பையே எடுத்து, அடியில் ரிங்கைத் தாங்கும் பேஸின் திருகுகளைப் பாருங்க. தளர்வு ஒளிந்திருப்பது அங்கேதான். மரையில் எண்ணெயைத் துடைத்து, நீல த்ரெட்லாக்கர் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி விட்டு, டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து திருகும் கருவி) பேஸுக்குச் சுமார் 20 அங்குல-பவுண்டு, ரிங் மூடிக்கு 15 முதல் 18. தயாரிப்பாளர் வேறு அளவு சொன்னால் அதுவே சரி. மூடித் திருகுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்குங்க, இருபக்க இடைவெளியும் சமமாக வரணும். அதிகம் இறுக்கினால் குழாய் நசுங்கும்.

பதில் 2: முன் பேஸ் திருகு நீளமாக இருந்தால் பீப்பாய் மரையில் முட்டி நிற்கும். கைக்கு இறுகின மாதிரி இருக்கும், ஆனால் பேஸ் ஆடும். ஸ்டாக்கை (தோளில் வைக்கும் கட்டையை) பீப்பாய்ப் பகுதியோடு பிடிக்கும் ஆக்‌ஷன் திருகுகளையும் விடாதீங்க.

பதில் 3: போர்சைட் என்பது குண்டைக் காகிதத்தில் விழவைக்க மட்டுமே. 25 கெஜத்தில் தொடங்குங்க. கால் எம்ஓஏ ஸ்கோப்பில் (திருகியின் ஒரு கிளிக்குக்கு 100 கெஜத்தில் சுமார் கால் அங்குலம் நகரும்) 25 கெஜத்தில் 1 அங்குலம் நகர்த்த 16 கிளிக் வேணும், 100 கெஜத்தில் 4. பீப்பாயை ஆறவிட்டு மும்மூன்றாகச் சுடுங்க. திருகெல்லாம் சரியாகியும் குண்டுகள் விழும் கூட்டம் இடம் மாறிக்கொண்டே இருந்தால், அப்போது ஸ்கோப்பைச் சந்தேகப்படலாம்.