கலைச்சொல் தேவை: நிரலாளர்கள் தாமே நடத்தும் இதழ்கள்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஒரு மின்னூலக அட்டவணையைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும். ஒரே ஒரு வகைப்பெயரில் வேலை நின்றுபோயிருக்கிறது. கணினி ஆர்வம் கொண்டவர்கள் ஊதியம் பெறாமல் எழுதி, தொகுத்து, இலவசமாக வெளியிடும் இதழ்களுக்குப் பொதுப்பெயர் வேண்டும். 1985இல் தொடங்கிய ஃப்ராக், 1995 முதல் 2011 வரை வந்த லினக்ஸ் கெஜட், 2019இல் பிறந்த பேஜ்டு அவுட், நம் மொழியில் 2012இல் தொடங்கிய கணியம் ஆகிய எல்லாம் இதில் அடங்கும். ஆங்கிலத்தில் ‘ஸீன்’ (zine) என்கிறார்கள். ‘ஜீன்’ என்று எழுதினால் மரபணு, ‘சீன்’ என்று எழுதினால் திரைப்படக் காட்சி. ‘நிரலிதழ்’ சரிவருமா?

———

மறுமொழி:

ஐயா, ‘நிரல்’ வரிசையைக் குறிக்கும் பழஞ்சொல். தொல்காப்பியர் எச்சவியலில், செய்யுளுக்குப் பொருள்கொள்ளும் முறையான பொருள்கோள் நான்கனுள், சொற்களை வரிசையாக நிறுத்தும் நிரல்நிறையைத்தான் முதலில் வைக்கிறார். கட்டளைகளை வரிசையில் நிறுத்தும் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது.

ஆனால் ‘நிரலிதழ்’ என்ன தொகை? நிரலைப் பற்றிய இதழ் என்றால் உருபும் பயனும் உடன்தொக்க தொகை. நிரலாகிய இதழ் என்றால் இருபெயரொட்டுப் பண்புத்தொகை. இரண்டாவது வகையும் உண்மையில் இருக்கிறது. 1996இல் தொடங்கிய ஹூகி போன்ற வட்டு இதழ்களைப் படிக்க வேண்டுமானால் இதழையே ஒரு நிரலாக இயக்க வேண்டும். பக்கம் புரட்டுவது, பின்னணி இசை எல்லாம் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். ‘நிரலிதழ்’ அவற்றுக்கே உரிய பெயர். அதை வீணடிக்காதீர்கள்.

‘ஸீன்’ என்பது ‘ஃபேன்ஸீன்’ என்பதன் குறுக்கம். அறிவியல் புனைகதை வாசகரான லூயிஸ் ரஸ்ஸல் சோவனே 1940இல் ஆக்கிய சொல். ‘ஃபேன்’ யார்? ஆர்வலர். ‘ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்’ என்கிறார் வள்ளுவர். ஆகவே ‘ஆர்வலர் இதழ்’. வால்பகுதியான ‘மேகசின்’ அரபியில் பண்டகசாலையைக் குறித்த சொல்லின் வழிவந்தது. நம் முன்னோர் கிடங்கை விட்டுப் பூவின் இதழை எடுத்துக்கொண்டார்கள் என்பதை நினைத்தாலே மகிழ்ச்சியாக இருக்கிறது.

———

மறுமொழி:

ஐயாவுக்கு வணக்கம். வகுப்பில் ‘ஆர்வலர்’ என்றால் என் மாணவர்கள் வள்ளுவரிடம் போக மாட்டார்கள். சூழலியல் ஆர்வலர், சமூக ஆர்வலர் என்று செய்தித்தாளில் படிப்பவர்களுக்கு இது போராட்டத் துண்டறிக்கையாகத்தான் தெரியும்.

தனிமடலில் ஒருவர் சொன்ன ‘தன்னார்வ இதழ்’ என்பதையும் ஏற்க முடியவில்லை. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் பயனர்கள் 2012இல் தாமாகவே தொடங்கிய மேக்பை இதழை 2015இல் ராஸ்பெரி பை அறக்கட்டளையே ஏற்று நடத்தத் தொடங்கியது. அட்டவணையில் அன்று பெயரை மாற்றுவோமா?

நம்மிடம் ‘சிற்றிதழ்’ இருக்கும்போது ஏன் தேட வேண்டும்? 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கியது எந்த மனநிலையில்? விற்பனைக்காக அல்ல; வேறு எங்கும் அச்சேறாததை அச்சேற்றத்தான். நினைவக ஒதுக்கீட்டின் ஒரு நுணுக்கத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, கூலி கேட்காமல் அனுப்புகிறவரும் அதே மனநிலையில்தான் இருக்கிறார். நிரலாளரை ‘நிரலர்’ என்று சுருக்கி, ‘நிரலர் சிற்றிதழ்’ என்று வையுங்கள்.

———

மறுமொழி:

அம்மா, சிற்றிதழ் என்றால் கவிதையும் விமர்சனமும் என்று அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பழகிவிட்டது. மேலும் ‘சிறு’ எதைக் குறிக்கிறது? ஃப்ராக் உலகெங்கும் படிக்கப்படுகிறதே.

———

மறுமொழி:

சிற்றிலக்கியத்தில் ‘சிறு’ தாழ்வா? வாசகர் எண்ணிக்கையா? இரண்டும் இல்லை. சிறுமை+இதழ், ஈறு கெட்டுத் தன்னொற்று இரட்டி நன்னூல் விதிப்படியே நிற்கிறது. இலக்கியத்தார் மட்டும் வைத்துக்கொள்ள அது யாருடைய தனிச்சொத்தும் அல்ல.

———

மறுமொழி:

அனைவருக்கும் நன்றி. பெரும்பான்மையோர் ‘நிரலர் சிற்றிதழ்’ பக்கம் இருப்பதால் அதையே இட்டு அனுப்புகிறேன். வட்டு இதழ்களுக்கு ‘நிரலிதழ்’ என்று தனி உள்வகையும் சேர்த்திருக்கிறேன். ‘நிரலாளர்’ என்று முழுதாக எழுத அட்டவணையின் அந்தக் கட்டத்தில் இடம் இல்லை.

———

மறுமொழி:

‘நிரலிதழ்’ காப்பாற்றப்பட்டதில் நிறைவு. ‘நிரலர்’ எனக்கு உடன்பாடில்லை. ‘நிரல்’ ஒழுங்கைக் குறிக்கும் பெயராயிற்றே, ‘அர்’ விகுதி நேரே ஏறுமா? ‘ஆர்வலர் இதழ்’ என்பதை மாற்றுச்சொல்லாகவேனும் தேடல் பட்டியலில் சேர்க்க முடியுமா என்று பாருங்கள்.