அம்மாவின் கனடா விசா மறுப்பு: நெல் விற்ற காசை எப்படிக் காட்டுவது?

வணக்கம். நாங்கள் களுவாஞ்சிக்குடி. ஒக்டோபரில் டொரொன்டோவில் அக்காவின் மகளுக்குக் கல்யாணம். அம்மாவுக்கு 63 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. ஏப்ரலில் விசிட்டர் விசாவுக்குப் போட்டோம், ஜூனில் மறுத்துவிட்டார்கள். தங்கும் காலம் முடிந்து திரும்புவார் என்ற நம்பிக்கை இல்லையாம், பணவசதியும் போதாதாம்.

அக்காவின் அழைப்புக் கடிதம், சம்பள விபரம், மண்டபப் பதிவு, அம்மாவின் பென்சன் கடிதம் எல்லாம் வைத்தோம். சிக்கல் வங்கிக் கணக்கில்தான் என்று நினைக்கிறேன். பெரும்போக நெல் விற்ற 9 இலட்சத்தை மார்ச்சில் ஒரே தடவையில் காசாகப் போட்டார். வாங்கியவர் பற்றுச்சீட்டுத் தரவில்லை. எங்கள் பக்கம் அறுவடைக் காசு இப்படித்தான் கைக்கு வரும், ஆனால் அதை நாங்கள் எங்கும் விளக்கி எழுதவில்லை.

மேன்முறையீடு இல்லை, புதிதாக விண்ணப்பிக்கலாம். விசாவுக்குக் கொடுத்த கைரேகை 10 வருடம் செல்லும், அதனால் அதற்காகத் திரும்பக் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. இந்தமுறை வயல் காணி உறுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துவிட்டோம், கிராம சேவகர் கடிதமும் எடுத்தாயிற்று. மூத்த பேத்தியின் தாலிகட்டை அம்மா பார்க்க வேண்டும்.

பற்றுச்சீட்டு இல்லாத நெல் காசை எந்த ஆவணத்தால் காட்டி விசா எடுத்தீர்கள்?